தங்கவேல் லோடு

1. தக்காளிப் பெட்டியில் வந்த கேஸ்

தலைக்கு மேல் ஒரு தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தார். நான் ஒரு ஜெர்சி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், டாக்டர் அதன் கழுத்தில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். வந்த ஆளைப் பார்த்து மாடு மிரண்டது, மாட்டைப் பார்த்து ஆள் மிரண்டார், ஊசி தெறித்து வடிகாலில் விழுந்தது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம். காலையிலிருந்து இத்தனை பேர் வரிசையில் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

பெட்டியில் தக்காளி இல்லை. சாம்பலும் வெள்ளையும் கலந்த ஒரு பெண் பூனை, பின்னங்கால் ஒன்று துவண்டு கிடந்தது.

எங்கள் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதுங்கள் அக்கா என்று கேட்டார்கள். அதனால் என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் பிலோமினா. வீடு திண்டுக்கல் டவுன். முப்பத்தோரு வருடம் கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசியாக வேலை பார்த்த இடம் பழனி ரோட்டில், திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன மருந்தகம். மாடு, ஆடு, கோழி, எப்போதாவது நாய், இவ்வளவுதான் எங்கள் உலகம். மாடு உதைத்து என் விலாவில் வீக்கம் வந்திருக்கிறது, கிடா முட்டி பல் ஆடியிருக்கிறது. அதற்கெல்லாம் பயந்ததில்லை. ஆனால் பூனையைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

அழுத ஆளின் பெயர் தங்கவேல். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், பெண் எடுத்தது எங்கள் மருந்தகம் இருக்கும் ஊரில், குடியிருப்பும் அங்கேயே. சொந்தமாக ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்து மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுவார். அன்று காலை வண்டியைத் திருப்பும்போது பூனை சக்கரத்துக்குப் பக்கத்தில் பாய்ந்திருக்கிறது.

"அக்கா, இது செத்துப்போயிருமுங்களா?" என்று கேட்டார். "செத்துச்சுன்னா தங்கத்துல பூனை செஞ்சு தானம் குடுக்கோணுமுங்க. நான் எங்கீங்க போவேன் தங்கத்துக்கு?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பேரிலேயே தங்கம் இருக்கிறதே, அதில் கொஞ்சம் வெட்டிக் கொடுக்கலாமே என்று ஆட்டுக்காரர் ஒருவர் சொன்னார். நானும்தான் சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெயர் கவிதா, முதல் போஸ்டிங், என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். பெட்டி பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பூனையின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தார். வெளுக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. இடுப்பை அழுத்திப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழேதான் உடைந்திருக்கும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்.

கேஸ் ஷீட்டை எடுத்தேன். ஓனர் பெயர் என்ற இடத்தில் தங்கவேல் என்று எழுதப் போனபோது அவர் என் கையையே பிடித்துவிட்டார். அவர் ஓனர் இல்லையாம், இடித்தவர் மட்டும்தானாம். டிரைவர் வீட்டில் பூனை வளர்க்க முடியாது, காலையில் வண்டியைக் கிளப்பும்போது குறுக்கே போனால் அன்றைக்குப் பிழைப்பு போச்சு என்று விளக்கம் வேறு. வேறு வழியில்லாமல் என் பெயரையே எழுதினேன். அதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

போகிற போக்கில் ஒரு சபதமும் போட்டார். இந்தப் பூனை எழுந்து நடக்கிற வரைக்கும் வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட மாட்டாராம். பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

2. மூத்திரம்

எக்ஸ்ரேவுக்குத் திண்டுக்கல் போக வேண்டும். வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஆள் ஒரே பிடியாக நின்றதால் பஸ்ஸில் போனோம். ஒரு பெட்டியில் பூனை, அதன் மேல் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. அதுதான் அதன் கூண்டு. உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார். தக்காளி என்றேன். செத்த நேரம் கழித்துத் தக்காளியின் வால் பெட்டி ஓட்டை வழியாக வெளியே வந்து கண்டக்டரின் முழங்காலைத் தடவியது. மனுஷன் போட்ட குதியில் விசில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

மருந்தகத்துக்குத் திரும்பி வந்து படத்தைப் பார்த்தோம், எலும்பு ஒரே இடத்தில்தான் முறிந்திருந்தது. சிம்பு வைத்துக் கட்டினால் சேரும், ஆனால் ஐந்தாறு வாரம் கூண்டைவிட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். ஆட்டுக்கு என்றால் மூங்கில் பத்தை வைப்போம். இது விரல் தடிமன் கால். வாசல் கடைக்குப் போய்க் குச்சி ஐஸ் குச்சிகளைக் கேட்டு வாங்கி வந்து, கழுவி, பஞ்சு சுற்றி, வைத்துக் கட்டினோம். பூனை கட்டைக் கடிக்காமல் இருக்கக் கழுத்துக்குப் புனல் மாதிரி ஒரு பட்டை வேண்டும். தங்கவேல் வீட்டுக்குப் போய்த் தன் மாமனாருடைய பழைய நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொண்டு வந்தார். அதை வெட்டி மாட்டியதும், கிழவனாரின் விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு பூனை முகம். நான் சிரித்த சிரிப்பில் டாக்டர் கையிலிருந்த கத்தரி ஆடியது.

ஆனால் அன்று எல்லோருக்கும் ஒரே கவலை, அது மூத்திரம் போகவில்லை. வண்டியில் அடிபட்ட பிராணி மூத்திரம் போகாவிட்டால் உள்ளே பை கிழிந்திருக்கலாம். கால் என்றால் உடனே கட்டிவிடலாம், பை கிழிந்தால் தைக்க எங்களிடம் வசதி இல்லை. பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள். அடிபட்டு வந்ததற்குக் கண்ணுக்குத் தெரிகிற புண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

மறுநாள் காலை வரைக்கும் சொட்டு இல்லை. தங்கவேல் விடிந்ததும் வந்து பெட்டிக்கு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கோழிகளுக்குத் தடுப்பூசி மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வராண்டாவிலிருந்து ஒரு கூப்பாடு.

"போயிருச்சுங்க! மூத்திரம் போயிருச்சுங்க!"

வரிசையில் நின்ற இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்குப் போனது என்று ஒரு பெரியவர் விசாரித்தார். தங்கவேல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டாக்டர் எட்டிப் பார்த்து, நிறம் சரியாக இருக்கிறது, ரத்தம் இல்லை என்றதும் நானும் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். மூத்திரத்துக்குக் கை தட்டியது முப்பத்தோரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான்.

அதே நாள் மதியம் அவரை அடிக்கவும் போனேன். வலிக்குமே என்று காய்ச்சல் மாத்திரையை நுணுக்கிப் பாலில் கலந்து கொண்டு வந்திருந்தார். பூனைக்கு அது விஷம், அரை மாத்திரை போதும் ஆளை முடிக்க. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன், பால் முழுக்க அவர் சட்டையில். நல்ல மனசோடு செய்கிற தப்புதான் எங்கள் தொழிலில் ரொம்ப ஆபத்து.

3. வீட்டுக்காரியின் மனு

பகலில் பெட்டி வராண்டாவில் இருக்கும். சாயங்காலம் மருந்து ஸ்டோர் ரூமுக்குள் போய்விடும். பூனை ஒரு நாளும் கத்தியதில்லை, வாயைத் திறப்பது சாப்பிட மட்டும். தங்கவேல் நாள் தவறாமல் வருவார். வந்ததும் அவர் கேட்கும் கேள்வி, "அக்கா, லோடு எப்படி இருக்குதுங்க?" சரக்கு ஏற்றுகிறவருக்கு எல்லாமே லோடுதானே. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. லோடு சாப்பிட்டதா, லோடுக்கு ஊசி போட்டாச்சா, லோடு கட்டை மாற்றணும். டாக்டர் கேஸ் ஷீட்டிலேயே அப்படி எழுத ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் வந்தாள். கையில் ஆடும் இல்லை, கோழியும் இல்லை. பெயர் சரசு, தங்கவேலின் மனைவி. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏக்கா, அந்தப் பூனைக்கு எப்பத்தேன் காலு சேரும்? இந்த மனுசன் வண்டியத் தொடாம வீட்டுலயே கெடக்காரு. நான் வெஞ்சனம் வச்சா உப்பு கூடங்குறாரு, புளி கொறையுதுங்குறாரு. நேத்து எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுக்காருக்கா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் ஏற்றிக்கொண்டிருந்த தோட்டங்களெல்லாம் வேறு வண்டி பிடித்துக்கொண்டனவாம். ராத்திரி தூக்கத்தில் பிரேக்கை மிதிப்பது மாதிரி காலை உதைக்கிறாராம். இப்படியே போனால் பயத்தில் இனி வண்டியே ஓட்ட மாட்டார் என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. லோடு அந்தக் காலை ஊன்றவே இல்லை. கூண்டுக்குள் மூன்று காலில் எழும், திரும்பும், உட்காரும். கட்டு போட்ட கால் தூக்கியபடியே இருக்கும். எலும்பு சேர்ந்தாலும் நரம்பு செத்திருந்தால் பிரயோசனம் இல்லை, ஐந்தாவது வாரக் கடைசியிலும் ஊன்றாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டால், மூன்று காலில் நடப்பது தங்கவேலின் சபதக் கணக்கில் நடந்ததாகுமா ஆகாதா? யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொரு கவலை, இதை எங்கே விடுவது. நொண்டுகிற பூனையைப் பழனி ரோட்டில் விட்டால் அடுத்த வாரமே இன்னொரு வண்டிக்கு அடியில் கிடக்கும். மாடு கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கோழி வளர்க்கிறோம் என்றார்கள். பேகம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் வீட்டில் பூனை என்றால் உயிர். அவரிடம் போனேன். அவர் தன் ஏழு பூனைகளையும் வரிசையாகக் காட்டி, எட்டாவது வந்தால் பேகம் என்னை வெளியே அனுப்பிவிடுவாள் என்று டீ கொடுத்து அனுப்பினார். நான் வளர்க்கலாம்தான். மாடி வீடு, வாடகை, வீட்டு ஓனருக்கு நான் துணி காயப் போடுவதே பிடிக்காது.

4. என் தப்பு

இப்போது சொல்லப் போவது முழுக்க என் தப்பு. யார் மேலும் பழி போட முடியாது.

எங்கள் மருந்தகத்து வாசலில் ஒரு புளியமரம். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் காய்கறிப் பெட்டிகளை அங்கே இறக்கி வைப்பார்கள். மதியம் முருகேசன் என்ற பையன் டெம்போவில் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவான். வெயில் அதிகமாக இருந்தால் சிலர் பெட்டியை எங்கள் வராண்டா நிழலிலேயே வைத்துவிட்டுப் போவதும் உண்டு.

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. ஒரு தலையீத்துப் பசுவுக்குக் கன்றின் தலை மடங்கி நின்றுவிட்டது. டாக்டர் தோள்வரை கையை உள்ளே விட்டிருக்கிறார். கன்றின் முன்னங்காலில் கட்டிய கயிற்றை நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னாலிருந்து முருகேசன் குரல். வராண்டாவில் சாக்கு போர்த்தி இருக்கிற பெட்டி யாருடையது என்று கேட்கிறான்.

"அது தங்கவேலு லோடுப்பா," என்றேன் திரும்பாமலே. "பாத்து, ஆட்டிறாத."

சரிக்கா என்றான். நான் சொன்னது பூனையை. அவன் கேட்டது சரக்கை.

கால் மணி நேரத்தில் கன்று வந்துவிட்டது. நல்ல கிடாரிக் கன்று, மூக்கைத் துடைத்ததும் தும்மியது. எல்லோரும் சந்தோஷமாகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தங்கவேல் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். லோடு எங்கே அக்கா என்றார். நான் வராண்டாவைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது.

முருகேசனுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் கேரளாவுக்கு எத்தனை லாரி போகிறது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏதாவது ஒரு லாரியில் ஏற்றிவிட்டால் எந்த ஊரில் இறக்குவார்கள் என்று யாரைக் கேட்பது?

நடந்ததை அவரிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் வண்டி ஐந்து வாரத் தூசியோடு நின்றது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சரசு வெளியே வந்து வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பூனை நடக்கிற வரைக்கும் தொடமாட்டேன் என்று சபதம் போட்டீர்களே என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"பூனையே போயிருச்சுன்னா எங்கீங்க்கா நடக்கறது? ஏறுங்க," என்றார்.

சாவியைத் திருகினால் வண்டி உறுமக்கூட இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. சரசு தள்ளினாள், நான் தள்ளினேன், பக்கத்து வீட்டில் இருவர் வந்து தள்ளினார்கள். கன்று போட்ட மாட்டுக்காரர் கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து தோள் கொடுத்தார். தெரு முனையில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. நான் ஓடிக்கொண்டே ஏறினேன். ஐம்பத்தொன்பது வயதில் ஓடும் வண்டியில் ஏறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரையே மருந்தகத்தில் படுக்க வைத்திருப்பேன்.

5. மார்க்கெட்டில்

வழி முழுக்க மாட்டு வண்டி வேகம்தான். ஆனால் ஓட்டினார். எதிரே ஆடு வந்தால் நின்றார், கோழி வந்தால் நின்றார், காகிதம் பறந்தாலும் நின்றார். நான் ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டே வந்தேன், பூனைக்காகவா எனக்காகவா என்று இப்போது கேட்டால் தெரியாது.

மார்க்கெட்டுக்குள் போனால் பெட்டி, பெட்டி, பெட்டி. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எங்கே என்று தேடுவது? தங்கவேல் வாயில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கத்தினார், "லோடு!" நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

அந்த மார்க்கெட்டில் இருந்த அத்தனை சுமை தூக்குகிறவர்களும் திரும்பினார்கள். எந்த லோடு என்கிறார் ஒருவர். பாலக்காடு லோடா, திருச்சூர் லோடா என்கிறார் இன்னொருவர். லோடு ஏற்றியாச்சு என்று ஒரு குரல், ஏற்றவில்லை என்று இன்னொரு குரல், அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள் பிள்ளைகளே.

கடைசியில் டீ குடித்துக்கொண்டிருந்த முருகேசனைப் பிடித்தோம். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். எடையே இல்லையே, மல்லித்தழை என்றல்லவா நினைத்தேன் என்றான். மல்லித்தழை போகிற கீரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு ஓடினான். அங்கே எங்கள் இரண்டு பெட்டியும் கிடந்தன. கயிறு அவிழ்ந்திருந்தது, உள்ளே சாக்கும் கழுத்திலிருந்து கழன்ற எக்ஸ்ரே பட்டையும் மட்டும். கடைக்காரர் தன் புறங்கையைக் காட்டினார்.

"ஏனுங்க, உள்ள கைய விட்டனுங்க. மல்லித்தழை பிறாண்டிப்போட்டுதுங்க."

குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்பு போட்டு அவர் கையை நானே கழுவினேன், இன்றைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மிரட்டினேன். அது வேலைப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. கழுவி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை லாரிக்கு நடுவில் மூன்று காலோடு அது எங்கே போகும்? கவனமாகப் பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். தங்கவேல் என் பக்கத்தில் நின்று, அழுகாதீங்க்கா, அழுகாதீங்க்கா என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார்.

அப்போதுதான் வெளி கேட் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டில்லை, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. கேட்டுக்கு நேராகக் கேரளாவுக்குப் போகிற லாரி ஒன்று என்ஜினை அணைத்துவிட்டு நிற்கிறது. பின்னால் இருக்கிறவர்கள் கத்துகிறார்கள். டிரைவர் இறங்கிச் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் எடுக்கவில்லை என்று முருகேசன் கேட்டான்.

"பூனை குறுக்க போயிருச்சுப்பா. செத்த நேரம் கழிச்சுத்தேன் எடுப்பேன்."

தங்கவேல் பாய்ந்து போய் அந்த ஆளின் இரண்டு தோளையும் பிடித்தார்.

"எப்படிங்க போச்சு? ஓடுச்சுங்களா, நடந்துச்சுங்களா?"

"நடந்துதேன் போச்சு. ஒரு கால்ல ஏதோ கட்டு."

"அந்தக் கால ஊனுச்சுங்களா? நாலு காலும் தரையில பட்டுச்சுங்களா?"

"யோவ், பூனை குறுக்க போறப்ப காலை எண்ணிக்கிட்டா இருப்பாக?"

லாரிக்கு அந்தப் பக்கம் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலைக் குவியல். அதன் உச்சியில் லோடு உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது, கோயில் திருவிழாவுக்கு வந்த விருந்தாளி மாதிரி. தங்கவேல் கூப்பிட்டார், முருகேசன் கூப்பிட்டான், சுமை தூக்குகிற நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டார்கள். காதுகூட அசையவில்லை. மார்க்கெட்டுக்கு வந்ததிலிருந்து லோடு, லோடு என்ற சத்தம்தானே அதன் காதில் விழுந்துகொண்டிருந்தது.

நான் லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஊசி போடும்போதெல்லாம் அதனிடம் பேசுகிற குரலில் மெதுவாக, "வா தாயி, வா," என்றேன்.

நக்குவதை நிறுத்தியது. என்னைப் பார்த்தது. குவியலிலிருந்து இறங்கி, அத்தனை லாரிக்கும் குறுக்கே, நடு ரோட்டில் நடந்து வந்தது. முன்கால், முன்கால், நல்ல கால், அப்புறம் கட்டு போட்ட கால். டொக் என்று குச்சி தரையில் பட்டது. மறுபடி டொக். ஊன்றுகிறது! ஐந்து வாரமாக ஊன்றாத காலை ஊன்றி நடக்கிறது! கூண்டுக்குள் அதற்கு நடக்க இடம் ஏது, நாங்கள்தான் நரம்பு, நரம்பு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் ஒரே நேரத்தில் சிரிக்கிறேன், அழுகிறேன், மூக்கு ஒழுகுகிறது. தங்கவேல் தரையில் விழுந்து பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

லாரி டிரைவர் செத்த நேரம் யோசித்தார். போன பூனை அதே வழியில் திரும்பி வந்துவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பின்னால் நின்ற அத்தனை டிரைவருக்கும் அந்தத் தீர்ப்பு பிடித்துப்போனது.

6. குறுக்கே போகாத வழி

இனி எங்கே விடுவது என்ற பேச்சு அங்கேயே வந்தது. மண்டிக்காரர் ஒருவர் எலித் தொல்லை இருக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்றார். லாரிக்காரர்கள் சேர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள், தினம் தினம் தாங்காது சாமி என்றார்கள். தங்கவேல் என் மடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார், நானே கொண்டு போகட்டுங்களா என்று. சொல்லிவிட்டு அவரே முகத்தைத் தொங்கப் போட்டார். காலையில் குறுக்கே போகுமே.

சரசு அதற்குள் பத்துத் தடவை போன் செய்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டிக்குள்ளயே ஏத்திக்கிட்டாப் போச்சு," என்றாள். "உள்ள உக்காந்துருக்குற பூனை எப்பிடிக்கா குறுக்க போகும்?"

சுமை தூக்குகிற ஒருவர், இது தெரியாமல் இத்தனை வருடம் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறு வாரம் கட்டைப் பிரித்தோம். கால் கொஞ்சம் மெலிந்திருந்தது, லேசாக வளைத்து வைத்து நடந்தது, அது போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டோம். இரண்டு மாதம் கழித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கொண்டு வர வேண்டும் என்று தேதி கொடுத்தோம். முதல் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், வண்டியில் ஏற்றினால் கண்ணாடியை ஏற்றி விடுங்கள், அப்போதுதான் குதிக்காது என்று சரசுவிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து வண்டியில் ஏறிய பிறகு தங்கவேல் மறுபடி இறங்கி என்னிடம் வந்தார். சத்தம் இல்லாமல் கேட்டார்.

"அக்கா, நான் இடிச்சதுன்னு அதுக்குத் தெரியுமுங்களா? என்னைய மன்னிச்சிருக்குமுங்களா?"

ஆறு வாரம் அந்த மனுஷனை நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். தங்கப் பூனை தங்கவேல் என்று பெயரே வைத்திருந்தோம். தங்கத்துக்குப் பயந்து வருகிறார் என்றுதான் நான் நினைத்தேன். இந்த ஒரு கேள்விதான் அவர் நாள் தவறாமல் சுமந்து வந்தது. ஆறு வாரமாக நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வண்டிக்குள்ள திரும்பிப் பாருங்க தம்பி," என்றேன்.

அவர் எழுந்து வந்த சூடு ஆறுவதற்குள் பூனை டிரைவர் சீட்டில் சுருண்டு படுத்திருந்தது. தூக்கி நகர்த்த மனசில்லாமல் அவர் சீட் நுனியில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்துதான் அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளைகளே, நமக்கு வேலையில் என்ன தெரிய வேண்டுமோ அதெல்லாம் டிரெய்னிங்கில் சொல்லித் தருவார்கள். அடிபட்ட பிராணியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவர் என்ன நம்பிக்கையில் வருகிறார், எதற்குப் பயந்து வருகிறார் என்று சிரிக்காதீர்கள். இடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், இவர் நின்றார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். பிராணியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.